உணவுக் கோளாறு ஆய்வில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் உணவுக் கோளாறுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அனோரெக்ஸியா (சாப்பாட்டை மிகவும் குறைத்து உடம்பு கரைந்துபோவது) என்றால் என்ன, புலிமியா (அடக்க முடியாமல் அதிகம் சாப்பிட்டுவிட்டு அதை எப்படியாவது ஈடுகட்டப் பார்ப்பது) என்றால் என்ன, பிஞ்ச் ஈட்டிங் (அப்படி ஈடுகட்டாமல், அடக்க முடியாமல் அதிகம் சாப்பிடுவது) என்றால் என்ன என்று குழப்பமில்லாமல் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். மனநல மருத்துவர் பேசியிருந்தார், உணவியல் நிபுணர் பேசியிருந்தார், உளவியல் பேராசிரியர் ஒருவரும் பேசியிருந்தார். நல்ல கட்டுரைதான். ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் இந்த நோய் வந்த ஒரே ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவர்கள் சார்பில் ஒரு படம் மட்டும் இருந்தது, வழக்கமான படம்தான்: கண்ணாடி முன் ஒல்லியான ஒரு பெண், முகம் தெரியாது, இடுப்பில் இன்ச் டேப்.

பத்திரிகையை மட்டும் சொல்லி என்ன பயன், ஆராய்ச்சியே இத்தனை காலமாக அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. எங்கள் ரத்தம் வேண்டும், எங்கள் எடை வேண்டும், நாங்கள் டிக் அடித்துக் கொடுத்த கேள்வித்தாள் வேண்டும். எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் அறையில் மட்டும் நாங்கள் வேண்டாம். இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதின்ம வயதில் அனோரெக்ஸியா வந்தது, பல வருடம் கூடவே இருந்தது, இப்போது இல்லை. (இப்போது இல்லை என்று நான் சொல்வதை எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம், குணமாவது என்றால் என்ன என்பதிலேயே இந்தத் துறையில் இன்னும் ஒரே கருத்து கிடையாது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) கொஞ்ச காலமாக ஓர் ஆய்வுக் குழுவில் ஆலோசகராக உட்கார்ந்து வருகிறேன். நோய் வந்தவர்கள் நாலைந்து பேர், பிள்ளைகளுக்கு வந்த பெற்றோர் இரண்டு பேர், ஒரு நர்ஸ், மூன்று ஆய்வாளர்கள், எல்லோரும் ஒரே மேசையில். ஆய்வுக்கான பணம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுதான் இதில் முக்கியம். எல்லாம் முடிவான பிறகு, “இந்தத் துண்டுப் பிரசுரத்தில் எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள்” என்று கூப்பிடும் ஆய்வுகளும் உண்டு, அதற்கும் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறையில் உலகம் முழுக்க அதிகமாகப் புழங்கும் கேள்வித்தாள்களில் ஒன்று ஈ.டி.இ.-க்யூ. 1994-ல் வந்தது, இப்போதைய வடிவில் 28 கேள்விகள், கடைசி 28 நாட்களில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும். அதில் ஒரு கேள்வி, வயிறு முழுக்கத் தட்டையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டீர்களா என்பது. எங்கள் முதல் கூட்டத்தில் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வித்தாளை மேசையில் வைத்ததும், எங்களோடு இருந்த ஒரு தம்பி, உடற்பயிற்சிப் பித்திலிருந்து இந்த நோய்க்குள் விழுந்து ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தவன், பேப்பரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். “நான் இதை அப்போதே நிரப்பியிருக்கிறேன் அக்கா. எனக்கு வயிறு தட்டையாக வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை, தோள் பெரிதாக வேண்டும், உடம்பில் ஒரு துளி கொழுப்பு தெரியக்கூடாது, அவ்வளவுதான். பாதிக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டேன். மதிப்பெண் குறைவாக வந்தது, உனக்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.”

மூன்று ஆய்வாளர்களும் எழுதிக்கொண்டார்கள். ஆண்களுக்கு இந்தக் கேள்வித்தாளில் மதிப்பெண் குறைவாக வருவது அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை, அதைப் பற்றிக் கட்டுரைகளே இருக்கின்றன. தெரிந்திருந்தும், எல்லோரும் பயன்படுத்துவதையே நாமும் பயன்படுத்தினால்தான் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியும் என்று எடுத்து வந்திருந்தார்கள். அதுவும் நியாயமான காரணம்தான். கடைசியில் அதை வைத்துக்கொண்டு, தசை மீதான மோகத்தை அளக்கும் வேறொரு கேள்வித்தாளையும் சேர்த்தோம். அந்தத் தம்பி அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால், ஆண்களிடம் இந்த நோய் அரிது என்று இன்னொரு ஆய்வு முடிவு வந்திருக்கும், அதை நீங்களும் ஒரு மூலையில் செய்தியாகப் போட்டிருப்பீர்கள்.

கேள்வி எப்படியோ அப்படித்தான் நோயாளியும் கிடைப்பார். இது இந்த நோயின் வரலாறு முழுக்க நடந்திருக்கிறது. அனோரெக்ஸியா இருக்கிறது என்று சொல்ல மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்ற விதி பல வருடங்கள் பாடநூலில் இருந்தது. ஆணுக்கு எப்படி நிற்கும்? மாதவிலக்கு தொடர்ந்து வந்துகொண்டே உடம்பு கரைந்துபோன பெண்களை என்ன செய்வது? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற நோய் கண்டறியும் கையேட்டில்தான் அந்த விதியை எடுத்தார்கள். பிஞ்ச் ஈட்டிங்கைத் தனிக் கோளாறாக ஏற்றுக்கொண்டதும் அதே பதிப்பில்தான். அதுவரை அந்த அவஸ்தையோடு மருத்துவரிடம் போனவர்களில் எத்தனை பேர் “வாயைக் கட்டுங்கள்” என்ற உபதேசத்தோடு திரும்பி வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993-ல் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவர் பார்த்த 70 அனோரெக்ஸியா நோயாளிகளில் 41 பேருக்குக் குண்டாகிவிடுவோமோ என்ற பயமே இல்லை. பயம் இருப்பதுதான் நோயின் அடையாளம் என்று மேல்நாட்டுப் பாடநூல் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இவர்களோ வயிறு உப்புகிறது, பசி இல்லை, சாப்பிடத் தோன்றவில்லை என்று வேறு காரணங்கள் சொன்னார்கள். அந்த மருத்துவர் நோயாளிகள் சொன்னதைப் பாடநூலுக்காகத் திருத்தாமல் அப்படியே எழுதி வைத்தார். இருபது வருடம் கழித்துப் பயத்தைச் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்து இருந்தாலே போதும் என்று கையேடு இளகியது. நோயாளி சொல்வதை நோயாளி சொல்வதாகவே காதில் வாங்கினால் அறிவியல் ஒன்றும் கெட்டுப்போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அம்மாக்கள் கதை. 1873-ல் பாரிஸில் லசேக், லண்டனில் வில்லியம் கல் என்று இரண்டு மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்த நோயை விவரித்தார்கள். உறவினர்களும் நண்பர்களும்தாம் இந்த நோயாளியைக் கவனிக்க மிகவும் தகுதியற்றவர்கள் என்று கல் எழுதி வைத்தார். அந்த ஒரு கருத்து நூறு வருடம் ஓடியது. பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது, அம்மாவின் கண்டிப்புதான் காரணம், அப்பாவின் மௌனம்தான் காரணம் என்று தேடுவது. 1987-ல் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு வெளியிட்ட ஆய்வில், நோய் வந்து அதிக நாள் ஆகாத இளவயதுப் பிள்ளைகளுக்கு, பெற்றோரையே சிகிச்சையில் சேர்த்தால் பலன் அதிகம் என்று தெரிந்தது. குடும்பம் நோயின் காரணம் என்பது போய், குடும்பம் சிகிச்சையின் கை என்றானது. ஆனாலும் குற்றஞ்சாட்டும் பழக்கம் லேசில் போகவில்லை. 2008-ல் பெற்றோர்களே சேர்ந்து ஃபீஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கி ஆய்வு மாநாடுகளில் போய் உட்கார ஆரம்பித்தார்கள், 2010-ல் அகாடமி ஃபார் ஈட்டிங் டிஸ்ஆர்டர்ஸ் என்ற சர்வதேச அமைப்பு, குடும்பமே மூலகாரணம் என்ற வாதத்தை ஏற்க முடியாது என்று நிலைப்பாடு எடுத்தது. எங்கள் குழுவில் இருக்கும் ஓர் அம்மா இன்றைக்கும் கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால், “நான் என் பெண்ணை ஒருநாளும் குண்டு என்று சொன்னதில்லை” என்று தொடங்குவார். யாரும் கேட்காமலே. எத்தனை அறைகளில் அவரை அப்படிக் கேட்டிருப்பார்கள்.

சரி, நோய் வந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன வித்தியாசமாகக் கேட்டுவிடப் போகிறார்கள் என்று தோன்றலாம். பிரிட்டனில் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் என்று ஓர் அமைப்பு 2004-லிருந்து இதையே வேலையாகச் செய்கிறது. 1747-ல் ஸ்கர்வி நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தாரே ஒரு கப்பல் மருத்துவர், அவர் பெயரில். நோயாளிகள், வீட்டார், மருத்துவர்கள் மூன்று தரப்பிடமும் உங்களுக்கு விடை தெரியாத கேள்வி என்ன என்று கேட்டு வாங்குகிறார்கள், ஏற்கெனவே விடை இருப்பதைக் கழிக்கிறார்கள், மீதியை எல்லோரும் சேர்ந்து வரிசைப்படுத்தி முதல் பத்தை ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர்கள் முன் வைக்கிறார்கள். வரிசைப்படுத்தும்போது மருத்துவரின் குரலுக்கும் நோயாளியின் குரலுக்கும் ஒரே மதிப்பு. உணவுக் கோளாறுகளுக்கு இப்படி ஒரு பட்டியல் நெதர்லாந்தில் தயாராகி 2016-ல் வெளியானது. ஆஸ்திரேலியா 2021 முதல் 2031 வரைக்கான தேசிய ஆய்வுத் திட்டத்தையே நோய் வந்தவர்களையும் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டுதான் எழுதியது.

இது வெறும் மரியாதைக்காகச் செய்யும் காரியம் இல்லை, காசு விஷயமும்கூட. மருத்துவ ஆய்வுக்குச் செலவாகும் பணத்தில் 85 சதவீதம் வீணாகிறது என்று 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் இயன் சால்மர்ஸ், பால் கிளாசியூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். வீணாவதற்கு அவர்கள் சொன்ன முதல் காரணமே, நோயாளிக்கும் மருத்துவருக்கும் தேவையில்லாத கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. சால்மர்ஸ்தான் லிண்ட் அலையன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பது தற்செயல் இல்லை. வில்லியம் கல் எழுதி 150 வருடம் தாண்டிவிட்டது, மனநலக் கோளாறுகளில் உயிரிழப்பு மிக அதிகமாக இருப்பவற்றில் ஒன்று அனோரெக்ஸியா, அப்படியும் அதற்கென்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அங்கீகரித்த மருந்து ஒன்றுகூட இன்றுவரை கிடையாது. இருக்கிற கொஞ்சப் பணத்தையும் தேவையில்லாத கேள்விக்குச் செலவழிக்கும் நிலையில் நாங்கள் இல்லை.

எங்கள் மேசையில் வந்த கேள்விகளில் சிலவற்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் ஏன் எல்லாம் மறுபடி சரிகிறது, அந்த வாரத்தில் யார் கூட இருந்தால் உதவும்? இருபது வருடமாக நோயோடு இருப்பவருக்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் சிகிச்சையையே ஏன் கொடுக்கிறீர்கள்? உடம்பு பெரிதாக இருப்பவர் பட்டினி கிடந்தால் ஏன் எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஒல்லியானவர் கிடந்தால் மட்டும் ஏன் ஆம்புலன்ஸ்? ஆட்டிசம் உள்ளவருக்குச் சாப்பாட்டின் வாசனையும் பதமும்தான் பிரச்சினையாக இருக்கும்போது, உடல் தோற்றம் பற்றியே ஏன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்? முதல் வகை நீரிழிவோடு உணவுக் கோளாறும் சேர்ந்தவர்கள் பல காலமாகத் தங்களுக்குள்ளே ஒரு பெயர் வைத்துப் பேசிவந்தார்கள், டி.எஸ்.எம். கையேட்டில் இன்றும் அது தனி நோயாக இல்லை. நீரிழிவு மருத்துவர் ஒரு பக்கம் அனுப்ப, மனநல மருத்துவர் மறுபக்கம் அனுப்ப, நடுவில் நின்றவர்கள் அவர்கள்தான்.

இப்போது குணமாவது பற்றிச் சொல்கிறேன் என்றேனே. ஆய்வுகளில் குணம் என்பது பெரும்பாலும் எடை, அறிகுறி, கேள்வித்தாள் மதிப்பெண். எனக்கு எடை சரியான பிறகும் தலைக்குள் கணக்கு ஓடுவது நிற்கவில்லை. காலையில் கண் விழிப்பதற்கு முன்பே அன்றைய கூட்டல் கழித்தல் தொடங்கிவிடும். வெளியில் இருந்து பார்த்தால் தேறிவிட்ட பெண். அந்தக் கணக்கு நின்ற நாளைத்தான் நான் குணமான நாளாக வைத்திருக்கிறேன், எந்த ஆய்வும் அதை என்னிடம் கேட்கவில்லை. குணமானவர்களிடமே குணம் என்றால் என்ன என்று கேட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது: தன்னை ஏற்றுக்கொள்வது, மற்றவர்களோடு நல்ல உறவு, தனியாள் என்ற முறையில் வளர்ச்சி, இவற்றைத்தான் அவர்கள் அதிகம் சொல்லியிருந்தார்கள். எடை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எடை ஏறாமல் மூளைக்கு யோசிக்கவே தெம்பு வராது. பரீட்சையில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டுவிட்டுப் பாஸ் என்று அறிவிப்பதுதான் பிரச்சினை.

ஆய்வு நடக்கும் விதமும் மாறும். எங்கள் ஆய்வில் வருபவர்களை எடை பார்த்தாக வேண்டும், அது தவிர்க்க முடியாதது. முதலில் போட்ட திட்டப்படி, வருபவர் மெஷினில் ஏறுவார், உதவியாளர் எண்ணைப் படிப்பார், இன்னொருவர் எழுதுவார். நோய் வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அந்த எண் காதில் விழுந்தால் அடுத்த இரண்டு வாரத்துக்கு அது மட்டும்தான் வாழ்க்கை. இப்போது திரைக்கு முதுகைக் காட்டி நிற்க வைக்கிறார்கள், உதவியாளர் சத்தமில்லாமல் குறித்துக்கொள்கிறார், ஷூவைக் கழற்றியாயிற்றா என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நல்ல சிகிச்சை மையங்கள் பலவற்றில் ஏற்கெனவே இருக்கும் பழக்கம்தான், ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரவில்லை. பேட்டிக்கான வழிகாட்டியிலும் ஒரு திருத்தம் சொன்னோம், குறைந்தபட்ச எடை எவ்வளவு வரை போனீர்கள் என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள், மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கேட்டால் சிலருக்கு அது அவமானம், சிலருக்கு அது பதக்கம். இரண்டுமே ஆபத்து. ஆள் சேர்க்கும் போஸ்டரில் முதலில் என்ன படம் போட்டிருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் கட்டுரையில் இருந்த அதே அம்மணிதான். மாற்றி, படமே இல்லாமல் எழுத்து மட்டும் போட்டோம், ‘எந்த வயதும், எந்த உடல் அளவும், ஆண் பெண் யாராகவும் இருக்கலாம்’ என்று பெரிய எழுத்தில். நாங்கள் யோசித்திராத ஆட்களெல்லாம் வந்தார்கள், ஓய்வு பெற்றவர்கள்கூட.

முடிவுகள் திரும்பி வராதது இன்னொரு பழைய ஆதங்கம். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் குழு, போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு மாதக்கணக்கில் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தது, ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ள. ஆரோக்கியமான அந்த ஆண்கள் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள், எரிச்சல், ஒதுங்கல், சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமை, எல்லாம் வந்தது. பெரிய நூல் 1950-ல்தான் வந்தது, ஆனால் களத்தில் இருந்த நிவாரணப் பணியாளர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது என்று 1946-லேயே எளிமையான ஒரு கையேடு போட்டுவிட்டார்கள். இந்த ஆய்வைப் பற்றி எனக்குச் சிகிச்சை தந்த யாரும் சொல்லவில்லை, பல வருடம் கழித்து நானாகத் தேடிப் படித்தேன். என் பிடிவாதம், என் குணக்கேடு என்று வீட்டிலும் வெளியிலும் சொல்லப்பட்டதில் பாதி பட்டினி கிடக்கும் எந்த மனித மூளையும் செய்வது என்று பதினேழு வயதில் ஒருவர் சொல்லியிருந்தால்! எங்கள் ஆய்வில் ஒரு விதி போட்டிருக்கிறோம்: ஆய்விதழில் கட்டுரை வரும் அதே சமயத்தில், பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கத்தில் எளிய மொழியில் முடிவு போக வேண்டும், அதை எழுதுவது நாங்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் நியாயமும் இருக்கிறது. நோயிலிருந்து மீண்டவரை மறுபடி மறுபடி அதையே பேச வைத்தால் அவருக்கே திரும்ப வந்துவிடாதா என்கிறார்கள். வரலாம். எங்கள் குழுவில் ஒருவர் நடுவில் விலகிப் போனார், நல்ல முடிவு. அதற்குத்தான் விலக வழியும், கூட்டத்துக்குப் பிறகு போன் செய்து விசாரிக்க ஓர் ஆளும், வராத மாதத்துக்குக் காரணம் கேட்காத நாகரிகமும் வேண்டும் என்கிறோம். அபாயம் இருக்கிறது என்று சொல்லி மொத்தமாகக் கதவைச் சாத்துவது எங்கள் பாதுகாப்புக்கா, அவர்கள் வசதிக்கா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

அதைவிடப் பெரிய குறை, எந்த நோயாளி வந்து உட்காருகிறார் என்பது. என்னைப் போல் பேசத் தெரிந்த, தேறிவிட்ட, பகலில் கூட்டத்துக்கு வர நேரம் கிடைக்கும் ஆள்தான் வருவேன். இன்னும் நோயின் பிடியில் இருப்பவர் வரமாட்டார், சிகிச்சையே கிடைக்காதவர் நிச்சயம் வரமாட்டார். ஒருவருடைய அனுபவம் எல்லோருடையதும் ஆகாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், உண்மை, ஆனால் என் தலைவலியை வைத்து உங்கள் தலைவலியை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லக்கூடாது. பெரிய ஆய்வுகளிலேயே இந்தக் கோணல் இருக்கிறது. 2019-ல் வந்த அனோரெக்ஸியா மரபணு ஆய்வில் 16,992 நோயாளிகள் இருந்தார்கள், மரபணுத்தொகுதியில் எட்டு இடங்கள் தொடர்புடையவை என்று காட்டியது, மனநலம் மட்டுமில்லாமல் உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இந்த நோய்க்குத் தொடர்பு இருக்கலாம் என்று சொன்னது. அருமையான வேலை, குணக்கேடு என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு நிஜமாகவே உதவியது. ஆனால் அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளி. மற்ற உலகத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆளைத் தேடிப் போக வேண்டும், அவர்கள் நம்பும் ஆட்கள் மூலமாகப் போக வேண்டும், அவர்கள் மொழியில் கேட்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், ஆய்வு நிதி கொடுப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது.

குழுவுக்குள் சண்டையும் வரும். பெற்றோர் கேட்பது ஒன்று, பிள்ளைகள் கேட்பது வேறொன்று. சாப்பிட மறுக்கும் பிள்ளைக்குக் கட்டாயமாகச் சிகிச்சை கொடுப்பது பற்றி நாங்கள் பேசிய கூட்டம் பாதியில் நின்றுபோனது. அந்த இரண்டு கருத்தையும் ஒன்றாக உருக்கிச் ‘சமூகத்தின் குரல்’ என்று அறிக்கையில் எழுத ஆய்வாளர்களுக்கு ஆசை, நாங்கள் விடவில்லை. கருத்து வேறுபாடு இருந்தது என்றே எழுதினோம்.

பெயருக்குக் கூப்பிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அம்மையார் 1969-லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் உள்ள ஏணியாக வரைந்து காட்டினார், ஏமாற்றுவது கீழ்ப்படி, கலந்தாலோசிப்பது நடுப்படி, மக்கள் கையிலேயே அதிகாரம் இருப்பது மேல்படி. பெரும்பாலான ஆய்வுகளில் நாங்கள் நடுப்படிக்குக் கீழேதான் நிற்கிறோம். கூட்டத்தில் டீ கொடுப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், அறிக்கையில் நன்றி சொல்வார்கள். சம்பளம் கிடையாது. அறையில் இருக்கும் மற்ற எல்லோரும் சம்பளத்தில் இருக்கும்போது நாங்கள் மட்டும் சேவை மனப்பான்மையில் இருக்க வேண்டுமாம். பிரிட்டனின் தேசிய நல ஆய்வு நிறுவனம் பங்கேற்பவர்களுக்கு ஊதியம் தருவது எப்படி என்று வழிகாட்டியே போட்டிருக்கிறது, அதனால் முடியாது என்ற பேச்சுக்கு இடமில்லை. எய்ட்ஸ் வந்தவர்கள் 1983-ல் டென்வரில், எங்களைப் பலியானவர்கள் என்று சொல்லாதீர்கள், முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களைச் சேருங்கள் என்று அறிக்கை படித்தார்கள். பிற்பாடு மருந்துப் பரிசோதனைகள் நடக்கும் விதத்தையே மாற்ற வைத்தவர்கள் அந்த இயக்கத்தினர். உணவுக் கோளாறு வந்தவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்லவே வெட்கப்படுபவர்கள், தெருவில் இறங்க மாட்டோம். அதனால்தான் கதவை உள்ளே இருப்பவர்கள் திறக்க வேண்டியிருக்கிறது.

உங்களிடம் கேட்பது சில விஷயங்கள்தான். இனிமேல் இந்த நோய் பற்றிய ஆய்வுச் செய்தி போடும்போது, ஆய்வைத் திட்டமிட்டதில் நோய் வந்தவர்கள் இருந்தார்களா, எந்தக் கட்டத்தில் வந்தார்கள் என்று நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெரிவிப்பதற்கென்றே ‘கிரிப் 2’ என்ற படிவம் 2017-லிருந்து இருக்கிறது, ஆய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எடை எண், கலோரி எண், நோயாளி என்ன செய்து எடையைக் குறைத்தார் என்ற விவரம், முன்னே பின்னே படங்கள், இவற்றைப் போடாதீர்கள். அவை நோயில் இருப்பவருக்குப் பாடமாகிவிடும். இன்ச் டேப் படத்துக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைச் செய்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். நலவாழ்வுப் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு, இந்த நோய் வந்தவர்களும் வீட்டாரும் ஆய்வாளர்களிடம் கேட்க விரும்பும் கேள்விகளை, பெயர் இல்லாமல், எண்கள் இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். தொகுத்து மனநல ஆய்வு நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பலாம். தொகுக்க நான் வருகிறேன், குழுவில் இன்னும் இரண்டு பேர் தயார். பெட்டியின் அடியில் உதவி எண் ஒன்றையும் மறக்காமல் போடுங்கள், கேள்வி எழுதும்போது சிலருக்கு மனசு கலங்கும். என் கேள்வியை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள்: எடை சரியான பிறகும் தலைக்குள் ஓடும் அந்தக் கணக்கு சிலருக்குச் சீக்கிரம் நிற்கிறது, சிலருக்கு வருடக்கணக்கில் நிற்பதில்லை, எதனால்?

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)